இபி தட்டின் கடைசிப் பாட்டில் 'ஸ' சிதறுகிறது: 52 மி.மீ. அளவா, பேர்வால்ட் அளவா?

தக்கலை_ரிக்கார்டு:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ரிக்கார்டு பிளேயர், அதில் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (முள் பொருத்திய ஒலி எடுக்கும் பகுதி). முள் எடை (முள் தட்டை அழுத்தும் அளவு) 2.0 கிராம், ஆன்டி-ஸ்கேட்டும் (ஆர்ம் உள்ளே இழுபடாமல் எதிர்ப்பக்கம் இழுக்கும் அமைப்பு) 2. தட்டுகளில் பாதிக்கு மேல் 7 அங்குல இபி. பழைய தமிழ் சினிமாப் பாட்டு, பக்கத்துக்கு இரண்டு. மிச்சம் 12 அங்குல எல்பி.

இபியில் முதல் பாட்டு கண்ணாடி மாதிரி கேட்கிறது. இரண்டாவது பாட்டு பாதி தாண்டியதும் 'ஸ', 'ஷ', 'ச்ச' வருகிற இடமெல்லாம் எச்சில் தெறிக்கிற சத்தம். வயலின் மேல்ஸ்தாயிக்குப் போனாலும் அதே கரகரப்பு. முதலில் ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜை மாட்டும் ஆர்மின் தலைப்பகுதி) அளவுகோல் சொல்லும்படி, அதன் பின்விளிம்பிலிருந்து 52 மி.மீ.க்கு முள்ளை வைத்திருந்தேன். பிறகு பேர்வால்ட் புரோட்ராக்டரை (முள் நிற்க வேண்டிய இடமும் கோணமும் காட்டும் தாள்) ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அதன்படி மாற்றினேன். எல்பி தெளிவானது, இபி முன்னைவிட மோசமானது. இது எப்படி? இரண்டில் எது சரியான அளவு? ஆர்மில் ஏதும் கோளாறா?

வடசேரி_முள்முனை:

தம்பி, நீங்கள் கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆர்மில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு அளவும் சரி. வேறு வேறு தட்டுக்குச் சரி.

தட்டு வெட்டும் லேத்தில் வெட்டுமுனை ஆரக்கோட்டிலேயே நேராக உள்ளே நகர்கிறது. முள்ளைத் தாங்கும் கையான நம் டோன்ஆர்ம் கீல் போட்ட கதவு மாதிரி ஒரு புள்ளியைப் பிடித்துச் சுழல்கிறது. அதனால் தட்டு முழுக்க முள் பள்ளத்தோடு நேர்கோட்டில் நிற்க வழியே இல்லை. முள்ளை ஸ்பிண்டிலுக்கு, அதாவது தட்டின் நடுத்துளையில் நிற்கும் அச்சுக்கு, அப்பால் கொஞ்சம் நீட்டி (ஓவர்ஹேங்), ஹெட்ஷெல்லை உள்பக்கம் திருப்பி (ஆஃப்செட் கோணம்) வைத்தால், இரண்டே இரண்டு இடத்தில் பிசகு பூஜ்யம் ஆகும். மற்ற இடங்களில் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துதான் ஓடும். அந்த இரண்டு பூஜ்யப் புள்ளிகளை எங்கே விழ வைப்பது என்பதுதான் 1938இல் லோஃப்கிரெனும், 1941இல் பேர்வால்டும், 1966இல் ஸ்டீவன்சனும் போட்ட கணக்கு.

கோணப் பிசகு எத்தனை டிகிரி என்று மட்டும் பார்த்தால் போதாது. தட்டின் ஓரத்தில், அதாவது 146 மி.மீ. ஆரத்தில், 33⅓ வேகத்தில் பள்ளம் முள்ளுக்கடியில் நொடிக்கு சுமார் 510 மி.மீ. ஓடுகிறது. உள்ளே 60 மி.மீ. ஆரத்தில் 210 தான். ஒரே அலை உள்ளே நசுங்கிக் கிடக்கிறது. அதே 1 டிகிரி பிசகு அங்கே இரண்டரை மடங்கு சிதைவைத் தரும். எனவே டிகிரியை ஆரத்தால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எம்கே2வில் ஆர்ம் சுழல் மையத்திலிருந்து ஸ்பிண்டில் மையம் வரை 215 மி.மீ. பேர்வால்டின் பூஜ்யப் புள்ளிகள் 66.0, 120.9 மி.மீ. இரண்டையும் பெருக்கி, 215இன் வர்க்கத்தோடு கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் முள் வரையான நீளம் 232.8 வரும். ஓவர்ஹேங் 17.8, ஆஃப்செட் 23.7 டிகிரி. இதில் பிசகு 146 மி.மீ.யில் 1.9 டிகிரி, நடுவில் 89 மி.மீ. பக்கம் எதிர்த்திசையில் 1.1, உள்ளே 60 மி.மீ.யில் 0.8. மூன்றையும் அந்தந்த ஆரத்தால் வகுத்துப் பாருங்கள், ஒரே அளவு வரும். அதுதான் அந்தக் கணக்கின் அழகு. எல்பி கேட்க இதைவிட நியாயமான பங்கீடு கிடையாது என்பது என் கருத்து.

ஆனால் அந்தக் கணக்கு 60.3 மி.மீ.யில் முடிந்துவிடுகிறது. 7 அங்குலத் தட்டில் இசை 54 மி.மீ. ஆரம் வரை போகலாம். பேர்வால்ட் அமைப்பில் 60இலிருந்து 54க்கு வருவதற்குள் பிசகு 0.8இலிருந்து 2 டிகிரிக்கு ஏறிவிடும். உங்கள் இரண்டாவது பாட்டின் கடைசிச் சரணம் சரியாக அந்த இடத்தில் இருக்கிறது.

இப்போது 52 மி.மீ. அளவுகோலைப் பாருங்கள். நீளம் 230, ஓவர்ஹேங் 15, ஆஃப்செட் 22 டிகிரி. இதன் பூஜ்யப் புள்ளிகள் 58.8, 113.5 மி.மீ. 54 மி.மீ.யில் பிசகு 0.7 டிகிரிதான். அதற்கு விலையாக எல்பியின் ஓரத்தில் 2.6 டிகிரி. ஓரத்தில் பள்ளம் வேகமாக ஓடுவதால் அது காதை அவ்வளவாக உறுத்தாது. நடுப்பகுதியில் மட்டும் பேர்வால்டைவிடக் கொஞ்சம் மங்கும். 52 மி.மீ. தவறான அளவு என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். அது தவறல்ல, உள்பள்ளத்தைக் காப்பாற்ற எடுத்த முடிவு. ஸ்டீவன்சன் அளவும் (60.3, 117.4) கிட்டத்தட்ட இதே நோக்கம்தான், 215 மி.மீ. ஆர்முக்கு ஓவர்ஹேங் 15.9 வரும்.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, ஸ்பிண்டில் நடுவிலிருந்து உங்கள் இபிகளில் பாட்டு முடியும் இடம் வரை அளந்து பாருங்கள். தட்டுக்குத் தட்டு மாறும். 60க்கு மேலேயே முடிகிற தட்டுகளில் பேர்வால்ட் தொல்லை தராது. 56, 55 என்று போகிற தட்டுகளுக்கு 52 மி.மீ. அளவே நல்லது.

குழித்துறை_ரசமட்டம்:

அண்ணாச்சி சொன்ன கணக்கில் மாற்றமில்லை. எனக்குச் சந்தேகம் அந்த ஜெராக்ஸ் கடை பிரிண்ட்டில்தான். ஏ4 தாளுக்கு அடங்க வேண்டும் என்று கம்ப்யூட்டரே படத்தைச் சுருக்கிவிடும். புரோட்ராக்டரில் 100 மி.மீ. அளவுக்கோடு இருக்கும், அதை ஸ்டீல் ஸ்கேலில் அளந்து சொல்லுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலை நம்ப வேண்டாம்.

தக்கலை_ரிக்கார்டு:

இப்போதுதான் அளந்தேன். 97 மி.மீ.தான் வருகிறது! ஆனால் இரண்டு புள்ளியிலும் கேன்டிலீவர் (முள்முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு) கோட்டோடு கச்சிதமாகப் பொருந்தியதே?

குழித்துறை_ரசமட்டம்:

பொருந்தத்தான் செய்யும். சுருங்கிய தாளில் புள்ளிகள் 64.0, 117.3 ஆகிவிட்டன. அந்த இரண்டு புள்ளிக்கும் உரிய நீளமும் கோணமும் தனியாக உண்டு, நீங்கள் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள். ஓவர்ஹேங் 17.8க்குப் பதில் 16.8 பக்கம் நிற்கும். தாளைப் பார்த்து இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஸ்கேல்தான் சொல்லும். 1 மி.மீ. பெரிய விஷயமா என்றால், ஓரத்தில் 0.3 டிகிரிதான் மாறும், 60 மி.மீ. ஆரத்தில் 0.9 டிகிரி மாறும். உள்ளே போகப் போகச் சின்னத் தப்பும் பெரிதாகும். உங்கள் விஷயத்தில் இந்தச் சுருக்கம் இபிக்குக் கொஞ்சம் உதவியே செய்திருக்கிறது. சரியான பேர்வால்டில் அந்தத் தட்டுகள் இதைவிட மோசமாகக் கேட்கும்.

கடையில் 'உள்ளபடி அளவு' அல்லது 100 சதவீதம் என்று சொல்லி எடுங்கள். சாதாரணத் தாள் வேண்டாம், அழைப்பிதழ் அட்டை மாதிரி கனமான தாளில் எடுத்தால் முள் குத்தி இறங்காது. ஸ்பிண்டில் துளையைப் பேனாவால் குத்தாமல், நடுக்குறியில் கூட்டல் குறியாகக் கத்தியால் கீறி அழுத்தி மாட்டுங்கள். ஸ்பிண்டிலைச் சுற்றி தாள் இறுக்கமாக உட்காரும். துளை அரை மி.மீ. தள்ளிப்போனால் முழு வேலையும் வீண்.

பிறகு வேலை முறை:

மெஷினை ஆஃப் செய்து தட்டுமேடை சுழலாமல் ஒட்டுத்தாள் போடுங்கள். மேசைக்கு ரசமட்டம் வைத்துப் பாருங்கள், மட்டம் தட்டுமேடையின் மேல் இரண்டு திசையிலும் சரியாக இருக்க வேண்டும். முள் எடையை முதலிலேயே 2.0 கிராமுக்கு வைத்துவிடுங்கள்; எடை இறங்கினால்தான் கேன்டிலீவர் தன் வேலைநிலைக்கு வரும், அதற்கு முன் அளப்பதில் பயனில்லை. கார்ட்ரிட்ஜ் திருகுகள் நழுவும் அளவுக்கு மட்டும் இறுக்கமாக இருக்கட்டும்.

வெளிப்புள்ளியில் (120.9) முள்முனையை இறக்கி, கேன்டிலீவர் கட்டக்கோடுகளுக்கு இணையாகும்வரை கார்ட்ரிட்ஜைத் திருப்புங்கள். பார்க்க வேண்டியது கேன்டிலீவரை, கார்ட்ரிட்ஜின் உடம்பை அல்ல. விலை குறைந்த கார்ட்ரிட்ஜ்களில் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும் என்று உறுதியில்லை. போன் கேமராவை தட்டு உயரத்துக்கு இறக்கி முன்னால் இருந்து பெரிதாக்கிப் பார்த்தால் அரை டிகிரி சாய்வுகூடத் தெரியும். பின்பக்கம் ஒரு வெள்ளைத்தாளை நிறுத்தி வைத்தால் கேன்டிலீவர் கறுப்பாக எடுத்துக் காட்டும்.

அடுத்து உள்புள்ளிக்கு (66.0) வாருங்கள். கேன்டிலீவரின் மூக்கு ஸ்பிண்டில் பக்கம் திரும்பி நின்றால் ஓவர்ஹேங் பத்தவில்லை, கார்ட்ரிட்ஜை முன்னால் தள்ளுங்கள். வெளிப்பக்கம் திரும்பி நின்றால் பின்னால் இழுங்கள். தள்ளுவது கால் மி.மீ. அளவில் இருக்கட்டும். திரும்ப வெளிப்புள்ளி, திரும்ப உள்புள்ளி. இரண்டிலும் கைவைக்காமலே ஒத்துவந்தால்தான் முடிந்தது. இந்த இரண்டு புள்ளி முறையில் சுழல் மைய தூரம் 215 என்பதை அளக்கவே வேண்டாம், அதுதான் இதன் வசதி. எம்கே2 ஹெட்ஷெல்லில் பேர்வால்டுக்கு முள் 52க்குப் பதில் சுமார் 55 மி.மீ.யில் வந்து நிற்கும். கார்ட்ரிட்ஜும் ஹெட்ஷெல் விளிம்புக்குச் சமமாக இல்லாமல் 1.7 டிகிரி உள்நோக்கித் திரும்பி இருக்கும். பார்க்கக் கோணலாகத் தெரியும், அதை நேராக்கிவிடாதீர்கள்.

திருகை முடுக்கும்போது ஒரே பக்கத்தை முழுசாக முடுக்கினால் கார்ட்ரிட்ஜ் சுழன்றுவிடும். மாற்றி மாற்றிக் கால் சுற்று. முடுக்கி முடித்ததும் இன்னொரு தரம் இரண்டு புள்ளியிலும் பார்ப்பது கட்டாயம்.

குளச்சல்_கரைக்காற்று:

எல்லாரும் கோணத்திலேயே நிற்கிறீர்கள். தம்பி, புரோட்ராக்டரைத் தொடும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்க. சிதறுகிற தட்டில் முள்ளைத் தூக்கி, முள்முனையை பிரஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் இழுத்துச் சுத்தம் செய்து, நேரே அந்தக் கடைசிச் சரணத்தில் இறக்குங்க. இப்போ சுத்தமாகக் கேட்டால் குற்றம் கோணத்தில் இல்லை, அழுக்கில் இருக்கு. பழைய இபியில் ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் முள்முனையில் பஞ்சு மாதிரி சேர்ந்துவிடும். தொடக்கத்தில் தெளிவு, முடிவில் கரகரப்பு என்று உள்பள்ளச் சிதைவு போலவே ஏமாற்றும். நகை பார்க்கிற 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கிடுங்க.

நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, கரையோரம் வருசம் பூரா உப்புக்காற்று. தட்டுகளின் பள்ளத்தில் வெள்ளைப் பூஞ்சை படியும். அது பொரி வறுக்கிற சத்தத்தைத் தரும், 'ஸ' சிதைவோடு குழப்பிக்கிட வேண்டாம். கழுவ ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் நாலு பங்கு. போர் தண்ணீர் ஆகவே ஆகாது. காய்ந்தபிறகு உப்புத் துகள் பள்ளத்திலேயே தங்கிவிடும். 78 வேக அரக்குத் தட்டில் மட்டும் ஆல்கஹால் ஒரு சொட்டும் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

ஹெட்ஷெல்லின் நாலு பின்களும், கார்ட்ரிட்ஜின் பின்னால் மாட்டும் நாலு கவ்விகளும் இங்கே சீக்கிரம் மங்கிப்போகும். ஒரு பக்கம் மட்டும் மெலிந்து கேட்டாலோ விட்டுவிட்டு வந்தாலோ முதலில் அதைத் துடைங்க. சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ், வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ். கவ்வி தளர்ந்திருந்தால் கழற்றி நெருக்கி மாட்டணும். கார்ட்ரிட்ஜ் பின்மேல் நேராகச் சால்டரிங் வைத்தால் சூடு உள்ளே போய்ச் சுருள் கம்பி அறுந்துபோகும்.

இன்னொன்று, கரகரப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவா? வலது பக்கம் மட்டும் கூடுதலாக இருந்தால் ஆன்டி-ஸ்கேட் பத்தவில்லை. ஆஃப்செட் கோணத்தால் ஆர்ம் எப்பவும் உள்ளே இழுபடும். முள் உள்சுவரில், அதாவது இடது சேனலில், சாய்ந்து உட்கார்ந்து வெளிச்சுவரை விட்டு எழும்பும். இடது பக்கம் கூடுதலாக இருந்தால் ஆன்டி-ஸ்கேட் அதிகம். பள்ளமே இல்லாத வழுக்குத் தட்டில் ஆர்ம் அசையாமல் நிற்கிற மாதிரி வைக்கச் சொல்வார்கள். அதைக் கேட்காதீங்க, வழுக்குத் தட்டில் இருக்கிற உராய்வும் பாட்டு வெட்டிய பள்ளத்தின் உராய்வும் ஒன்றல்ல.

வடசேரி_முள்முனை:

கரைக்காற்று சொன்ன சோதனையை முதலில் செய்வதுதான் முறை, எனக்கும் அதுவே சம்மதம். அதோடு முள் எடையைத் தராசில் பார்த்துவிடுங்கள். ஆர்மின் பின்முனையில் இருக்கும் கவுன்டர்வெயிட்டில் போட்டிருக்கும் எண், பூஜ்ய சமநிலை சரியாக வைத்தால்தான் உண்மை சொல்லும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும், ஆனால் ஃபேனை நிறுத்திவிட்டு அளங்கள். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய்க்கணக்கு காட்டும். விஎம்95இக்கு 1.8 முதல் 2.2 கிராம்; 1.8க்குக் கீழே போனால் முள் பள்ளத்தை விட்டுத் துள்ளும், சிதைவும் தட்டின் தேய்மானமும் சேர்ந்தே கூடும். தட்டுக்கு நல்லது என்று நினைத்து எடையைக் குறைப்பவர்கள் தட்டைத்தான் கெடுக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் 2.1 வையுங்கள்.

ஆர்ம் உயரத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். 230 மி.மீ. ஆர்மில் பின்பக்கத்தை 4 மி.மீ. ஏற்றினால்தான் முள்ளின் கோணம் 1 டிகிரி மாறும். தட்டின் மேல் முள் நிற்கும்போது ஆர்ம் தட்டுக்கு இணையாக இருக்கட்டும், பூட்டைத் திறக்காமல் உயர வளையத்தைத் திருகாதீர்கள். அதற்குமேல் அது உங்கள் குறையைத் தீர்க்காது.

நாகராஜா_கோவில்_தெரு:

ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். 54 மி.மீ.யில் 2 டிகிரியை 0.7 ஆக்கினாலும் மிச்சம் ஒன்று இருக்கிறது, அது முள்முனையின் பருமன். 45 வேகத்தில் 54 மி.மீ. ஆரத்தில் பள்ளம் நொடிக்கு 254 மி.மீ. ஓடுகிறது. 12 கிலோஹெர்ட்ஸ் 'ஸ' ஒலியின் ஓர் அலை அங்கே 21 மைக்ரான் நீளம். கூம்பு முள்ளின் ஆரம் 15 மைக்ரான். அந்த வளைவுக்குள் அது நுழையாது. விஎம்95இயின் நீள்வட்ட முனை 7.6 மைக்ரான், ஓரளவு நுழையும். அதே கார்ட்ரிட்ஜில் மைக்ரோலீனியர் முள்ளைச் சொருகினால் 3 மைக்ரான். கார்ட்ரிட்ஜைக் கழற்ற வேண்டாம், முள் பகுதியை மட்டும் இழுத்து மாற்றலாம். உள்பள்ளத்துக்கு இதைவிடப் பெரிய பலன் எந்தக் கோணமாற்றத்திலும் கிடைக்காது.

வடசேரி_முள்முனை:

பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய முனை கோணப்பிசகை அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். மைக்ரோலீனியர் போட்டபிறகு இந்த அளவெல்லாம் இன்னும் நுணுக்கமாக வைக்க வேண்டும். தட்டே தேய்ந்திருந்தால் எந்த முள்ளும் ஒன்றும் செய்யாது. கனமான ஆர்மில் செராமிக் கார்ட்ரிட்ஜ் வைத்து ஓட்டிய தட்டுகளில் கடைசிப் பாட்டின் உரத்த இடங்கள் செதுக்குண்டு போயிருக்கும். ஒரே பாட்டு வேறொரு நல்ல தட்டில் சுத்தமாகக் கேட்டால், பழி அந்தத் தட்டின் மேல்தான். பழைய இபி பலதும் மோனோ. இடது வலது சேனலைத் தனித்தனியாகக் கேளுங்கள், பல நேரம் ஒரு சுவர் மட்டும் பிழைத்திருக்கும். அந்தச் சேனலை மட்டும் எடுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் கொடுத்தால் கரகரப்பில் பாதி போய்விடும். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் ஆம்பிளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள், பள்ளத்தின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் அடங்கும்.

தக்கலை_ரிக்கார்டு:

அண்ணாச்சி சொன்னபடி இபிகளை அளந்தேன். அதிகமும் 55, 56இல் முடிகின்றன. முள்ளைச் சுத்தம் செய்து நேரே கடைசிச் சரணத்தில் வைத்தும் சிதறல் இருக்கிறது, இரண்டு சேனலிலும் ஒரே அளவு. அப்படியானால் இபிக்கு 52, எல்பிக்கு 55 என்று ஒவ்வொரு தரமும் கழற்றி மாட்டுவதா?

குழித்துறை_ரசமட்டம்:

கழற்ற வேண்டாம், ஹெட்ஷெல் இன்னொன்று வாங்குங்கள். அதற்குத்தானே கழற்றி மாட்டும் பூட்டு இருக்கிறது. ஒன்றில் விஎம்95இ, 52 மி.மீ. அளவுகோலின்படி, ஹெட்ஷெல் விளிம்புக்கு நேராக, இது இபிக்கு. இன்னொன்றில் எல்பிக்கான கார்ட்ரிட்ஜ், 100 சதவீதப் பிரிண்டில் 66.0, 120.9 வைத்து, அதே வகை கார்ட்ரிட்ஜே போட்டு முள்ளை மட்டும் மைக்ரோலீனியராக வைத்தால் நாகராஜா சார் சொன்ன பலனும் எல்பிக்குக் கிடைக்கும்.

புது ஹெட்ஷெல்லில் கவனிக்க வேண்டியது இரண்டு. திருகு ஓடும் நீளத்துளை முன்னால் 55 மி.மீ. வரை முள்ளைக் கொண்டுபோக இடம் தர வேண்டும். சிலவற்றில் துளை குட்டையாக இருக்கும், அது வேண்டாம். ஆர்மில் பூட்டும்போது ஹெட்ஷெல் பக்கவாட்டில் சாயக்கூடாது. தட்டின் மேல் சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து முள்ளை இறக்கி முன்னால் இருந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜும் அதன் நிழலுருவும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும்.

இரண்டு ஹெட்ஷெல்லையும் கார்ட்ரிட்ஜ் திருகோடு சேர்த்துத் தராசில் வைத்து எடை பாருங்கள். வித்தியாசம் இருந்தால் குறைந்ததில் கார்ட்ரிட்ஜுக்கும் ஹெட்ஷெல்லுக்கும் நடுவில் மெல்லிய பித்தளை வாஷர் போட்டுச் சமப்படுத்தலாம். ஆனால் முள் 3 மி.மீ. முன்னால் இருப்பதால் எடை சமமானாலும் முள் அழுத்தம் கொஞ்சம் மாறும். மாற்றி மாட்டும் ஒவ்வொரு தரமும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஆர்மை மிதக்கவிட்டு, எண் வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து, திரும்ப 2.0க்குத் திருகுங்கள். பிறகு ஆன்டி-ஸ்கேட் 2.